அண்ணி வண்டி ஓட்டிய நாள்

டிரைவிங் டீச்சருக்கு அண்ணன் கிடையாது. தங்கை ஒருத்தி உண்டு, அவளோடும் பேச்சுவார்த்தை நின்று பல வருடம். அப்படியிருக்க, வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்று, வீட்டுக்காரம்மா சாவிக்கொத்தை விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன வேணும்?" என்று கேட்டபோது, டீச்சரின் வாயிலிருந்து வந்து விழுந்தது "இவங்க என் அண்ணி" என்ற பதில்தான்.

வழியெல்லாம் பேசி வைத்திருந்தது வேறு. பெரியம்மா பெண், சித்தி பெண் என்று சொல்வதாகத்தான் ஏற்பாடு. ஆனால் வீட்டுக்காரம்மாவின் பார்வை ஒருத்தியின் மூக்கிலிருந்து இன்னொருத்தியின் மூக்குக்குப் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்ததும் டீச்சருக்கு நாக்குப் புரண்டுவிட்டது. அண்ணி என்று சொன்னபின் அண்ணன் எங்கே என்று கேட்காமல் விடுவார்களா? கப்பலில் வேலை என்றாள் டீச்சர். தான் அண்ணி என்பதை அந்த நிமிடம்தான் தெரிந்துகொண்ட மற்றவள், ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நின்ற நிலையில் ஒரு அண்ணன் பிறந்துவிட்டான். வீடும் கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். மேல் மாடிக்காரர்கள், வாசலைப் பெருக்க வருகிறவர், கீழே ஜெராக்ஸ் கடை நடத்தும் வீட்டுக்காரம்மா, அவளுடைய வாடிக்கையாளர்கள் வரைக்கும் அண்ணி, அண்ணி என்றே கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே சொல்லிவிடலாம். வீட்டுக்குள் டீச்சர் அவளைக் கூப்பிட்ட பெயர் வேறு. அது அவர்கள் இரண்டு பேரின் சமாச்சாரம், நமக்கு வேண்டாம்.

டீச்சர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தாள். கத்தரித்துவிட்ட தலைமுடி, முழங்கை வரை மடித்த சட்டை, நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். கிளட்சை விடு, கண்ணாடியைப் பார், எதிரே வருகிறவன் உன் மாமனா மச்சானா, ஏன் அவன் மேலேயே போய் விழுகிறாய் என்று தினமும் கத்திக் கத்தியே அந்தக் குரல் அப்படி ஆகியிருந்தது. அண்ணி இதற்கு நேரெதிர். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. நாள் முழுக்க மெழுகும் மாவுமாக அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்துச் செய்கிறவள், தன் வாயை மட்டும் அளந்துதான் திறப்பாள். யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைப் பார்ப்பாள். பழக்கதோஷம்.

வீட்டுக்குள் அவர்கள் நீ, வா, போ. வாசலைத் தாண்டினால் நீங்க, வாங்க, போங்க. நாத்தனார் அண்ணியை நீ என்று கூப்பிட்டால் ஊர் காதைத் தீட்டிக்கொள்ளாதா? அதனால் மரியாதை முழுவதும் லிப்டுக்குள்தான் மாறும். மாடியில் லிப்டில் ஏறும்போது "குடை எடுத்தியா?" என்று ஆரம்பிக்கிற பேச்சு, கீழே கதவு திறக்கும்போது "எடுத்துக்கிட்டீங்களா அண்ணி?" என்று முடியும். நடுவில் யாராவது ஏறிவிட்டால் டீச்சர் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு இருமுவாள். இந்த இருமலுக்கென்றே வீட்டுக்காரம்மா ஒருமுறை மருந்து வாங்கித் தந்தாள்.

வெளியே போனால் இன்னும் எத்தனையோ. பேருந்தில் ஜன்னலோர இருக்கையை அண்ணிக்குக் கொடுத்துவிட்டு டீச்சர் நடுவில் கைப்பையை வைப்பாள். ஓட்டலில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரமாட்டார்கள், எதிரெதிரே. துணிக்கடையில் அண்ணி ஒன்றை மேலே வைத்துக் காட்டினால், நல்லாயிருக்கு என்பதற்கு மேல் டீச்சர் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கண்ணும் பேசக்கூடாது. எல்லாவற்றையும்விடக் கஷ்டம் நடை. தனியாகப் போகும்போது யாரும் திரும்பிப் பார்க்காத டீச்சரின் நடை, அண்ணி பக்கத்தில் வந்தால் மட்டும் ஏதோ சொல்ல ஆரம்பித்துவிடும். அந்தச் சட்டையும் அந்த நடையும் இந்தப் பக்கம், ஒடிசலாக அண்ணி அந்தப் பக்கம் என்றால், ஜோடி ஜோடி என்று கூவி விற்பதுபோல இருக்கும். அதனால் டீச்சர் இரண்டு கையிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு, தோளைக் குறுக்கி, அரையடி பின்னால் வருவாள். வீடு வந்து சேரும்போது கழுத்து வலிக்கும்.

பயிற்சிக் கார் ஒன்றுதான் அவர்களுக்கு இடம் கொடுத்தது. பெரிய சிவப்பு எழுத்தில் எல் போர்டு மாட்டிய வண்டி, ராத்திரியில் வீட்டு வாசலில்தான் நிற்கும். ஓட்டும் இருக்கையில் அண்ணி, பக்கத்தில் டீச்சர். கியர் மேல் அண்ணியின் கை, அந்தக் கை மேல் டீச்சரின் கை. நட்டநடு ரோட்டில், சிக்னலில், ஊரே பார்க்க, அப்படியே நிற்கலாம். பார்க்கிறவர்கள், பாவம் கற்றுக்கொள்கிறாள் என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். இத்தனைக்கும் அண்ணி வந்த புதிதிலேயே நன்றாக ஓட்டக் கற்று, தேர்விலும் தேறி, லைசென்ஸை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். வெளியே சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் எதைச் சாக்காக வைத்துச் சேர்ந்து உட்காருவது? அண்ணிக்கு வண்டி வரவே வராது என்று கட்டடம் முழுக்கப் பேர் ஆகிவிட்டது. இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தும் ஏறாத தலையா என்று வீட்டுக்காரம்மா ஜாடையாகக் கேட்பாள். அண்ணி சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

கப்பல்காரன் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போனான். வீட்டுக்காரம்மா எதையும் மேலோட்டமாக விடுகிற ரகம் இல்லை. எந்தக் கடலில் இருக்கிறார், அங்கே என்ன சாப்பிடுவார், போனில் பேசும்போது மனைவியிடம் முதலில் பேசுவாரா தங்கையிடம் பேசுவாரா என்று கேட்டுக் கேட்டே அவனுக்கு மூக்கும் முழியும் வரவழைத்தாள். அவனுக்கு முதுகுவலி உண்டு என்று டீச்சர் ஒருநாள் சொல்லப்போக, வீட்டுக்காரம்மா விசாரிக்கும்போதெல்லாம் அதை நினைவில் வைத்திருந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அவனால் ஒரு லாபமும் இருந்தது. டீச்சருக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று யார் கிளம்பினாலும், அண்ணன் வரட்டும் என்றால் வாயடைத்துப் போவார்கள். நஷ்டம் அண்ணிக்குத்தான். ஒருநாள் வீட்டுக்காரம்மா அவளைத் தனியாகக் கடைக்குள் அழைத்து, ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, உங்க வீட்டுக்காரர் அங்கே யாரையோ வைத்திருக்கிறார் போலத் தோன்றுகிறது, நீங்கள் இப்படி வாயில்லாப் பூச்சியாக இருக்கக்கூடாது என்று கண்கலங்கிச் சொன்னாள். அண்ணி மாடிக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தாள். டீச்சர் போய்ப் பார்த்தபோது தலையணை நனைந்திருந்தது.

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான் டீச்சருக்கு வயிற்றுவலி வந்தது.

முதல் நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. வாயுப் பிடிப்பு என்று டீச்சர் தானாகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். டாக்டரிடம் போகலாம் என்று அண்ணி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிக் கீழே வந்தவள், காரின் கதவைத் திறக்கக் குனிந்தாள். குனிந்தவளால் நிமிர முடியவில்லை. வலதுபக்கம் அடிவயிற்றில் யாரோ கத்தியைச் செருகித் திருகுவதுபோல இருந்தது. அப்படியே சக்கரத்தை ஒட்டிச் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மாதான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் அண்ணி படிகளில் இறங்கி ஓடி வந்தாள். டீச்சரின் நெற்றியைத் தொட்டாள், நெருப்பாய்ச் சுட்டது. ஆம்புலன்சுக்குப் போன் செய்யட்டுமா, என் வீட்டுக்காரரை எழுப்பட்டுமா, அவருக்கும் ஓட்டத் தெரியாதே என்று வீட்டுக்காரம்மா கையைப் பிசைந்தாள். அண்ணி டீச்சரின் கையிலிருந்து சாவியை வாங்கினாள். பின் இருக்கையில் அவளை ஏற்றிப் படுக்க வைத்தாள். வீட்டுக்காரம்மாவைப் பார்த்து, ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"உனக்கு ஓட்டத் தெரியாதேம்மா," என்றாள் வீட்டுக்காரம்மா, ஏறிக்கொண்டே.

வண்டி அதற்குள் தெருவில் இருந்தது.

அந்த ஓட்டத்தை டீச்சர் முழுதாகப் பார்க்கவில்லை. வலி வந்து வந்து கண்ணை மறைத்தது. ஆனால் இத்தனை வருடம் அந்த வண்டிக்குள் இருந்தவளுக்குக் காது போதும். கியர் மாறியது தெரியாமல் மாறியது. முன்னால் போன லாரியை வண்டி வழுக்கிக்கொண்டு தாண்டியது. எல் போர்டு மாட்டிய வண்டி தன்னை முந்துவதைப் பொறுக்காமல் யாரோ ஹாரன் அடித்தார்கள். அண்ணி அதைவிடப் பலமாக அடித்தாள். வீட்டுக்காரம்மா ஒரு கையால் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டீச்சரின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அப்போதுதான் அண்ணி பேச ஆரம்பித்தாள். அளந்து பேசுகிறவள், அளவுகோலைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேசினாள்.

"கண்ணை மூடாதே. ஏய், என்னைப் பாரு. கண்ணாடியில என்னைப் பாரு. நேத்தே சொன்னேன்ல, போலாம்னு? கேட்டியா நீ? எருமை. உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்டடி போவேன்? எனக்குன்னு உன்னை விட்டா வேற யாரு இருக்கா?"

தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

வலிக்கு நடுவிலும் டீச்சருக்கு அது தெரிந்தது. வேறு ஒரு பயம் புகுந்தது. தெரிந்துவிட்டது. வீடு போயிற்று. மேலே பார்த்தால் வீட்டுக்காரம்மாவின் முகவாய் மட்டும்தான் தெரிந்தது, அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை. கை தலைமேல் அப்படியே கிடந்தது. எடுக்கவும் இல்லை, தடவவும் இல்லை.

மருத்துவமனையில் டீச்சரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டுக் குடல்வால் என்றார். உள்ளேயே வெடிக்கிற நிலைமை, உடனே எடுத்தாக வேண்டும். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்கவேண்டிய இடத்தில் ஒரு நர்ஸ் இருந்தாள். அவளைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று ஆளுக்கொன்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமலே எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நோயாளியோடு சேர்த்து நெருங்கிய சொந்தம் ஒருவரும் கையெழுத்துப் போடவேண்டும், நீங்கள் என்ன வேண்டும் என்று அண்ணியைக் கேட்டாள்.

வருடக்கணக்கில் பழகிய வாய். "அண்ணி," என்றது.

அண்ணி போதாது என்றாள் நர்ஸ். புருஷன், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் என்று யாராவது வேண்டும். அண்ணி என்றால் அண்ணன் இருப்பாரே, அவரைக் கூப்பிடுங்கள், வர முடியாவிட்டால் போனிலாவது பேசச் சொல்லுங்கள், நம்பர் என்ன?

அண்ணி கூட்டத்துக்கு நடுவே, கையில் கார் சாவியோடு, திருதிருவென்று விழித்தாள். ஊர் வாயை மூட இவர்கள் உண்டாக்கிய ஒருவன் இப்போது அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தான் முன்னால் வந்து நின்றுகொண்டான். அவனுக்கு இருக்கிற உரிமை அவளுக்கு இல்லையாம். நாற்காலியில் மடங்கிக் கிடந்த டீச்சருக்கு அண்ணியின் அந்த முகத்தைப் பார்த்ததும் வலியைவிட ஆத்திரம்தான் பொங்கியது. யார் மேல் என்று கேட்டால், கப்பல்காரன் மேல்தான்.

"சிஸ்டர்," என்று கூப்பிட்டாள். நாலு தெருவுக்குக் கேட்கிற குரல் அன்று முனகலாகத்தான் வந்தது. ஆனாலும் நர்ஸ் நிமிர்ந்தாள். "எனக்கு அண்ணன் கிடையாது. பொய் சொன்னோம். இவ எனக்கு அண்ணி இல்ல. நானும் இவளும்தான் குடும்பம். ரொம்ப வருஷமா."

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸின் பேனா காற்றில் நின்றது. டீச்சர் வீட்டுக்காரம்மாவின் பக்கம் பார்க்கவே இல்லை, தைரியம் வரவில்லை.

"ஒரே வீட்டுலயா இருக்கீங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

பதில் பின்னாலிருந்து வந்தது. "ஒரே வீடுதான். என் வீடு. நான் அந்த வீட்டுக்காரம்மா."

"நீங்களா வீட்டுக்காரம்மா? அப்ப இவங்க?"

வீட்டுக்காரம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள். "நான் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா. இவதான் அவளோட வீட்டுக்காரங்க. போதுமா? சீக்கிரம் எழுதும்மா, புள்ள துடிக்குது."

நர்ஸ் ஒருமுறை இவளைப் பார்த்தாள், ஒருமுறை அவளைப் பார்த்தாள். பிறகு தாளை அண்ணியின் பக்கம் தள்ளி, இங்கே ஒன்று, கீழே ஒன்று என்று விரலால் காட்டினாள். அவளுடைய அடுத்த கேள்வி, காலையில் டீச்சர் ஏதாவது சாப்பிட்டாளா, தண்ணீர் குடித்தாளா என்பதுதான். வேறு எதையும் தெரிந்துகொள்ள அவளுக்கு நேரமும் இல்லை, ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்த இரண்டு பேரும் தங்கள் கவலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

டீச்சர் அழுதாள். வலியால் அழுகிறாள் என்று நினைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மயக்கம் தெளிந்து பார்த்தபோது ஜன்னலில் மாலை வெயில் இருந்தது. ஒரு பக்கம் அண்ணி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தாள். பகல் வெளிச்சத்தில், கதவு திறந்திருக்க, வராந்தாவில் ஆட்கள் போகவர, நடுவில் கியர் இல்லாமல். இன்னொரு பக்கம் வீட்டுக்காரம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கண் விழித்ததைப் பார்த்ததும், பிழைத்தாய் என்றுகூடச் சொல்லாமல் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"புயல்னு டிவியில சொல்றப்பல்லாம் உங்கண்ணனை நெனச்சு எனக்குத் தூக்கமே வராது, தெரியுமா? அவருக்கு முதுகுவலின்னு எங்க வீட்ல யார்கிட்டல்லாமோ மருந்து கேட்டேன். இல்லாத ஒரு ஆளுக்காக நான் சாமிகிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன். என்னைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டீச்சர் மன்னித்துவிடுங்கள் என்றாள். வீடு கிடைக்காது என்கிற பயம்தான் என்றாள். நிஜத்தைச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பீர்களா என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

வீட்டுக்காரம்மா யோசித்தாள். கொடுத்திருக்கமாட்டேன் என்றுதான் கடைசியில் சொன்னாள். அன்றைக்குக் கொடுத்திருக்கமாட்டேன். இத்தனை வருடம் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு இப்போது போகச் சொல்லவும் வாய் வரவில்லை. எனக்கு இதெல்லாம் முழுசாகப் பிடிபடவில்லை, கேட்டால் பதில் சொல்லத் தெரியாது, ஆனால் காரில் அவள் உன்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அது பொய் இல்லை என்று மட்டும் தெரிந்தது என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்ப அந்தக் கப்பல்ல இருக்கற பொம்பளையும் கிடையாதா என்று கேட்டாள். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சருக்கும் வந்தது, தையல் இழுத்தது, ஐயோ சிரிக்க வைக்காதீர்கள் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. வீட்டுக்காரம்மாவின் கணவர் கொஞ்ச நாள் இவர்களைப் பார்த்தால் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். பிறகு ஒருநாள் குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேச வந்தவர், அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார். அதுவே பெரிய விஷயம். விஷயம் கட்டடத்தில் பரவியதும் மேல் மாடியில் ஒரு குடும்பம் பேச்சை நிறுத்திக்கொண்டது. லிப்டில் இவர்கள் இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருந்தது. வலித்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் டீச்சர் எதிர்பார்த்திருந்தது இடி, விழுந்தது தூறல். பயிற்சிப் பள்ளியிலும் சொல்லிவிடலாமா என்று ஒருநாள் யோசித்தாள். இப்போதைக்கு வேண்டாம் என்று அண்ணி சொன்னாள், டீச்சருக்கும் அதுவே சரியென்று பட்டது. அவசரம் ஒன்றும் இல்லை. வீட்டிலும் தெருவிலும் மூச்சு விட முடிந்தது, அது போதும் இப்போதைக்கு.

தையல் பிரித்தபின் முதல்முறையாக இருவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். திரைச்சீலை வாங்கவேண்டும் என்பது சாக்கு, நடந்து பார்க்கவேண்டும் என்பதுதான் காரியம். திரும்பி வரும்போது அண்ணி பழக்கடையில் ஏதோ விலை கேட்டுக்கொண்டு நின்ற நேரம் பார்த்து, டீச்சர் கனமான பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"கீழ வை அதை. டாக்டர் என்ன சொன்னாரு உங்கிட்ட?"

"ஒண்ணும் ஆகாது. விடு."

"விடுவியா நீ? வயித்தைக் கிழிச்சுத் தைச்சு இன்னும் ஈரம் காயல, மூட்டை தூக்கறா. வை கீழ."

இத்தனை வருடத்தில் அவர்கள் தெருவில் சண்டை போட்டதே இல்லை. நாத்தனாரும் அண்ணியும் சண்டை போட்டால் ஊர் கூடி ரசிக்கும் என்று, கோபம் வந்தாலும் வாங்க போங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வரைக்கும் சுமந்துவந்து, கதவைச் சாத்தியபிறகுதான் அவிழ்ப்பார்கள். பாதி கோபம் அதற்குள் ஆறிப்போய், எதற்கு என்பதே மறந்திருக்கும். இன்று அது சுடச்சுட, பழக்கடைக்கு எதிரிலேயே வந்தது. பேருந்துக்கு நின்ற ஒரு பெண் இவர்களைப் பார்த்தாள். வீட்டில் தானும் அனுபவிக்கிறதுதான் என்பதுபோல லேசாகச் சிரித்துவிட்டுத் தன் போனுக்குத் திரும்பினாள். பழக்கடைக்காரர், கொஞ்சம் ஓரமாக நின்று சண்டை போடுங்கம்மா, வழி வேண்டும் என்றார். அவ்வளவுதான்.

டீச்சர் தோள்களைக் குறுக்காமல் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தாள். தோற்றுக்கொண்டிருந்தாள்தான், ஆனாலும் உடம்பு பஞ்சாக இருந்தது. இன்னும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலாமா என்று ஆசையாகக்கூட இருந்தது.

"சரி, ஆளுக்கொரு பக்கம் பிடிக்கலாம்," என்றாள்.

"ஒரு பக்கமும் வேண்டாம், குடு," என்று பையைப் பிடுங்கிக்கொண்டு அண்ணி விறுவிறுவென்று சாலையில் இறங்கினாள். வண்டிகள் வந்துகொண்டிருந்தன. டீச்சர் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நில்லுடி, பாத்துப் போ என்று தன் பழைய குரலில் கத்தியபடி பின்னாலேயே போனாள்.